கழற்ற முடியாத டிவி, தப்பாக மாட்டிய டிவி

"வண்டியில மாட்டுன டிவியக் கழட்டாதீங்கண்ணே. கழட்டுனா ஓட்ட லூசாயிடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்து மாட்டுனாலும் நிக்காது."

கங்கைகொண்ட சோழபுரத்தில் வேன்கள் நிற்கும் இடத்தில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். தஞ்சாவூர், தாராசுரம், இந்த ஊர் என மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் டிராவலர் வேன்கள், ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு ஊரோடு கிளம்பி வரும் மினி பஸ்கள், எப்போதாவது படுக்கையும் சமையல் மேடையுமாக வந்து நிற்கும் ஒரு கேரவன். எதில் ஏறினாலும் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள தடுப்பிலோ பக்கச் சுவரிலோ ஒரு டிவி இருக்கும். பல வண்டிகளில் அது வெறும் கறுப்புக் கண்ணாடிதான். ஏன் தம்பி ஓடலையா என்றால், வருஷக் கணக்காக ஓடவில்லையாம். கழற்றிப் பார்க்கலாமே என்றால், மேலே சொன்ன வேதம்.

வண்டி வயரிங்கும் ஃபிட்டிங்கும் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓட்டை லூசாவது நிஜம். ஆனால் பழியைக் கழற்றினவன் தலையில் போடாதீர்கள். முதலில் மாட்டினானே, அவனைக் கேளுங்கள்.

வேனின் உள்சுவர் என்பது என்ன? வெளியே தகரம், நடுவே இரும்பு பாக்ஸ் பைப் சட்டம், உள்ளே 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் மைக்கா. சில வண்டிகளில் பிளைவுட்கூட இல்லை, ஃபைபர் பேனல்தான். வீட்டுச் சுவரில் டிவி மாட்டும் பையனைக் கூட்டி வந்து இதில் மாட்டச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தெரிந்ததைச் செய்வான். டிரில் போட்டு ராவல் பிளக்கைத் தட்டி மர ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போவான். ராவல் பிளக் செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் பிறந்தது. ஸ்க்ரூ உள்ளே போகப் போக அது விரிந்து சுற்றியுள்ள கல்லை நெருக்கிப் பிடிக்கும். 12 மி.மீ. பலகையில் அது எதை நெருக்கும்? பின்னால் காற்றுதான் இருக்கிறது.

பிளக் இல்லாமல் ஸ்க்ரூவை நேராக முறுக்கினாலும் கதை பெரிதாக மாறாது. 32 இன்ச் டிவி நாலைந்து கிலோதான், ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் அது வண்டி நிற்கும்போது. அரியலூர் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுது போட்ட சாலையில் ஒரு குழியில் விழுந்து எழும்போது அந்த எடை பல மடங்காக இழுக்கும். முன்னால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த பிராக்கெட் என்றால் இன்னும் மோசம். கை நீள நீள மேல் ஸ்க்ரூக்களைப் பிடுங்கும் விசையும் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு குலுக்கலிலும் ஸ்க்ரூவின் மரை பலகையின் நாரைக் கொஞ்சம் அரைக்கும். ஓட்டை அன்றாடம் லூசாகிக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் கழற்றிய அன்று அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே. கழற்றாமல் விட்டிருந்தால் என்றாவது ஒரு நாள் அதுவே கழன்று யார் மடியிலாவது விழுந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் கழற்றி எடுத்துத் திரும்ப மாட்டாமல் போனது ஒன்று உண்டு. 1836-இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கற்கள் திரும்பி வரவில்லை. அதற்கு வேண்டுமானால் வருத்தப்படுங்கள். டிவி திரும்ப வரும்.

எப்படி? நட்டும் போல்ட்டும் போட்டு மாட்டினால். பிராக்கெட்டின் துளைகளில் குறைந்தது இரண்டு, பின்னால் ஓடும் பாக்ஸ் பைப்பில் விழ வேண்டும். பைப் எங்கே இருக்கிறது என்று காந்தத்தை நகர்த்திப் பார்த்தாலோ தட்டிப் பார்த்தாலோ தெரிந்துவிடும். பைப்பில் துளையிட்டு ரிவெட் நட் அடித்தால் இரும்புக்குள் நிரந்தர மரை கிடைக்கும். பைப் தோதான இடத்தில் இல்லையா? மைக்கா பேனலை ஒருமுறை கழற்றி, பின்பக்கம் 3 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து, அதன் வழியாக 6 மி.மீ. போல்ட் விட்டு நைலாக் நட் போடுங்கள். குலுக்கலில் நைலாக் நட் தானாகக் கழலாது. இப்படி மாட்டியதைப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வைத்துத் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை கழற்றி மாட்டினாலும் துளைக்கு ஒன்றும் ஆகாது. பழைய லூஸ் ஓட்டையில் தீக்குச்சியும் ஃபெவிகாலும் திணிக்கும் வைத்தியம் வீட்டுக் கதவுக் கீலுக்குச் சரி, வண்டிக்கு வேண்டாம்.

"அண்ணே, எங்க டிவியில ஸ்க்ரூவே தெரியல, கம்பெனியிலயே ஒட்டிட்டான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டவில்லை. சுவர்ப் பிராக்கெட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு துண்டு. ஒன்று சுவரில் இருக்கும், மற்றொன்று டிவியின் முதுகில் இருந்து அதன் மேல் கொக்கி போலத் தொங்கும். டிவியின் அடிவிளிம்புக்குக் கீழே தலையைக் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பூட்டு ஸ்க்ரூ இருக்கும், அல்லது இழுத்தால் விடுபடும் கயிறு தொங்கும். அதை விடுவித்து, அடியை முன்னால் இழுத்து, அப்படியே மேலே தூக்கினால் வந்துவிடும். கேரவன்களில் டிவியைப் பெட்டிக்குள் புதைத்துச் சுற்றிலும் பீடிங் அடித்திருப்பார்கள். அந்தச் சட்டத்தின் ஸ்க்ரூக்கள் சிறிய பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் மூடி வரும். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து ஓரத்தை நெம்பினால் மைக்காதான் பெயரும்.

தூக்குமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். எடுக்கும்போது முழங்கையை வைத்துத் திரையை அழுத்தாதீர்கள், கண்ணாடி உடைவது அதனால்தான். வயர் எங்கே எது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது டிவி முதுகில் போடும் ஸ்க்ரூவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். வெசா என்ற அளவு முறைப்படி முதுகுத் துளைகள் பெரும்பாலும் 100 அல்லது 200 மி.மீ. இடைவெளியில் இருக்கும். ஸ்க்ரூ தடிமன் 4 அல்லது 6 மி.மீ., டிவிக்கு டிவி மாறும். "நீளமா இருந்தா ஸ்ட்ராங்கு" என்று கையில் கிடைத்ததை முறுக்குகிறார்கள். அது உள்ளே போய் போர்டையோ திரையின் முதுகையோ குத்தும்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. ஆட்டத்தில் எல்இடி டிவியின் பிக்சல் உதிர்ந்துவிடும் என்பது வீடியோ கோச் காலத்து பிக்சர் டியூப் பயம், ஆள் மாறி வந்திருக்கிறது. ஆட்டத்தில் தளர்வது பிளக்கும் ரிப்பன் கேபிளும்தான். ஓடாத டிவிகளில் பலவற்றுக்கு அந்த பிளக்கைக் கழற்றிச் சொருகுவதே வைத்தியம். டபுள் டேப் போதும் என்பவர் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும், அந்தச் சூட்டில் பசை இளகும். ஓடும் வண்டியில் டிஷ் வேலை செய்யும் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். சாதாரண டிஷ் செயற்கைக்கோளை நோக்கி அசையாமல் நிற்க வேண்டும், ஓடும்போது பென் டிரைவ்தான் கதி. இதே வேன்களில் மைக் பிடித்துக் கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும் சொல்கிறார்கள். சாயங்காலம் புல்வெளியில் இறங்கி நின்றால் நிழல் நீட்டிப் படுத்திருக்கும்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல் வேறொன்றில். டிவியைக் கழற்றவே கூடாது என்று நம்புவதால் அதன் பின்னால் போகும் வயரை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்க்கிற வண்டிகளில் பல, பேட்டரியில் இருந்து நேராக ஒரு சிவப்பு வயரை இழுத்துச் சீட்டுக்கு அடியில் விட்டு, தகரத்தில் போட்ட துளை வழியாக ரப்பர் புஷ்கூட இல்லாமல் மேலே ஏற்றியவை. குலுக்கலில் தகர விளிம்பு வயரின் தோலை அறுக்கும். தோல் போய்த் தகரத்தைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வயர் பழுக்கும். பக்கத்தில் இருப்பது பிளைவுட், ரெக்சின், பஞ்சு. 2025 அக்டோபரில் ஜெய்சல்மேர் அருகே புதிதாக ஏசி பொருத்திய பஸ் எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மின்கசிவுதான் காரணமாக இருக்கும் என்று அப்போதே சந்தேகித்தார்கள்.

ஃப்யூஸ் டிவியைக் காப்பாற்ற என்று நினைத்து டிவிக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். அது வயரைக் காப்பாற்ற. எனவே பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 50 வாட் டிவி நாலைந்து ஆம்பியர்தான் எடுக்கும். 1.5 சதுர மி.மீ. வயரும் 10 ஆம்பியர் ஃப்யூஸும் தாராளம். பெரிய பஸ்களில் இருப்பது 24 வோல்ட். அங்கே இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் 12 வோல்ட்டைத் திருடிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஒன்று சார்ஜ் குறைந்து மற்றது ஓவர்சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரம் சாகும். கன்வர்ட்டர் வாங்குங்கள்.

பயணிகள் கோயிலுக்குள் போய்விட்டால் ஓட்டுநருக்கு எப்படியும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பேட்டரிப் பெட்டியைத் திறந்து, டிவி வயர் எதில் போய்ச் சேர்கிறது, நடுவில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பார்க்க அதில் ஐந்து நிமிஷம் போதும். ஃப்யூஸ் இல்லையென்றால் அன்றைக்கு டிவி வயரைப் பேட்டரியில் இருந்து கழற்றி நுனியில் டேப் சுற்றி விடுங்கள். ஃப்யூஸ் ஹோல்டர் பக்கத்து ஊரான ஜெயங்கொண்டத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும்.