பெயர் உள்ள சிப்பாய்கள்



இரண்டாம் உலகப் போர் பாடம் நடந்தபோது நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "டீச்சர், ஹிட்லர் பேரு, ஸ்டாலின் பேரு எல்லாம் இருக்கு. சண்டை போட்டுச் செத்தவங்க பேரு ஏன் இல்லை?" வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பின்லாந்து நாட்டு நாவல் ஒன்றின் கதையைச் சொன்னார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாவலின் பெயர் 'பெயர் தெரியாத சிப்பாய்'. எழுதியவர் வைனோ லின்னா. தம்பெரே நகரில் பஞ்சாலைத் தொழிலாளி. அவரே போருக்குப் போய் வந்தவர். நாவல் 1954-ல் வெளிவந்தது.

1939 நவம்பர் 30-ல் சோவியத் யூனியன் பின்லாந்து மீது படையெடுத்தது. 1940 மார்ச்சில் போர் நின்றது. ஆனால் கரேலியாப் பகுதியின் பெரும்பாகம் பறிபோனது. சுமார் 4 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அதை மீட்க 1941-ல் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடியும் போருக்குப் போனது. 1944 செப்டம்பரில் தோல்வியோடு முடிந்தது. இந்த இரண்டாவது போர்தான் கதை.

இதில் ஒரே கதாநாயகன் என்று யாரும் இல்லை. இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவு ஒன்றின் சிப்பாய்கள் எல்லோருமே முக்கியம். ரோக்கா கரேலியா விவசாயி. சண்டையில் சூரர். ஆனால் முகாமில் பாதையோரம் அழகுக்குக் கல் அடுக்கச் சொன்னால், "முடியாது" என்று விடுகிறார்! எனக்கு ரொம்பப் பிடிச்சவர் இவர்தான். கலகலப்பான ஹியத்தானென் இரண்டு கண்ணையும் இழக்கிறார், பிறகு உயிரையும் இழக்கிறார். கொஸ்கெலா அதிகாரி, ஆனாலும் சிப்பாய்களில் ஒருவராகவே இருப்பார். அவரும் வீடு திரும்பவில்லை.

ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறார்கள். அதனால் பேச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாமாம்.

பின்லாந்துப் படை இழந்த நிலத்தோடு நிற்கவில்லை. பழைய எல்லையையும் தாண்டியது. அந்த இடத்தில், "இதுக்கு மேல போறது நியாயமா?" என்ற பேச்சு சிப்பாய்களுக்குள்ளேயே வருகிறது. நாவல் வந்தபோது சில விமரிசகர்கள் கோபப்பட்டார்கள். ஜனங்களோ விரும்பிப் படித்தார்கள். 1955-ல் திரைப்படமாகவும் வந்தது.

தோழிகளே, பரீட்சையில் போர் நடந்த வருஷம் கேட்டால் நான் எழுதிடுவேன். ஆனா இனிமே 'இறந்தவர் இத்தனை லட்சம்' என்று படிக்கும்போது, அதில் எத்தனை ரோக்கா, எத்தனை ஹியத்தானென் என்று நினைப்பேன். எதிர்ப்பக்கம் செத்த ருஷ்யச் சிப்பாய்க்கும் ஒரு ஊர், ஒரு பேச்சு, ஒரு அம்மா இருந்திருப்பாங்க இல்லையா?



- ஒன்பதாம் வகுப்பு மாணவி