ஐம்பதுக்கு மேல் பேஸ் கிட்டார்: கருவியைத் தேர்வதும் கையைக் காப்பதும்

சென்ற ஆண்டு எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு ஐம்பத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் வந்தார். இடக்கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போவதாகக் கூறினார். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்பல் டனல் பாதிப்பு அது. பணிநிறைவுத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, இளமை முதல் விரும்பிய பேஸ் கிட்டாரை வாங்கி, நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயின்று வருகிறார் என்பது விசாரித்தபோது தெரிந்தது. கிட்டாரை நிறுத்துமாறு எழுதிக் கொடுத்து, இரவில் அணிய மணிக்கட்டுப் பட்டையும் தந்து அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து அவருடைய துணைவியார் தனியே வந்தார். “கை சரியாயிடுச்சு டாக்டர், ஆளைத்தான் காணோம்” என்றார். மாலை முழுவதும் பேச்சின்றி அமர்ந்திருக்கிறாராம்.

கருவியைப் பார்க்காமலேயே அதை விலக்கச் சொன்னது எங்கள் பிழை. அடுத்த முறை அதையும் எடுத்து வரச் சொன்னோம். பார்த்ததும் பாதி விடை கிடைத்தது. அது ஐந்து தந்திக் கருவி. எடை ஐந்து கிலோவை நெருங்கியது. இசைக்குழுவினரைப் பார்த்துத் தோள்பட்டையைத் தொடை வரை தளர்த்தியிருந்தார். தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் மணிக்கட்டை முழுவதும் மடக்கி, வலுவாக அழுத்தியாக வேண்டிய நிலை. மடங்கிய மணிக்கட்டும் இறுகிய பிடியும் சேர்ந்தால் நரம்பின் மேல் அழுத்தம் கூடும். அன்று முதல் இத்தகைய வாசகர்களுக்கு நாங்கள் சொல்லி வருவதையே இங்கே எழுதுகிறோம்.

பேஸ் கிட்டார் தொடக்கநிலையினருக்குக் கருணையுள்ள கருவி. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரமே வாசிக்கப்படுகிறது. சாதாரண கிட்டாரைப் போல மூன்று நான்கு விரல்களை ஒரே சமயத்தில் முறுக்கி வைக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. பேஸின் நான்கு திறந்த தந்திகள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கின்றன. பேரப்பிள்ளையின் கீச்சுக்குரல் சரியாகக் கேட்காதவருக்கும் இந்த அதிர்வுகள் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். மரத்தின் வழியாக மார்பிலும் உணரலாம்.

தேர்வுக்கு வருவோம். லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இக்கருவியின் வடிவத்தை நிலைநிறுத்தியது. அதன் தந்தி நீளமான 34 அங்குலமே இன்றும் கடைகளில் வழக்கமான அளவு. 30 அங்குல நீளமுள்ள குட்டைக் கருவிகளும் உண்டு. அவற்றைச் சிறுவர்களுக்கானவை என்று விற்பனையாளர் தட்டிக்கழித்தால் நம்ப வேண்டாம். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிப் புகழ்பெறச் செய்த ஹாஃப்னர் வயலின் வடிவ பேஸ் குட்டைக் கருவிதான். வேறுபாடு நான்கு அங்குலந்தானே என்று தோன்றலாம். முதல் கட்டையிலிருந்து நான்காம் கட்டை வரை நான்கு விரல்களையும் விரிக்க 34 அங்குலக் கருவியில் ஏறத்தாழ 13 செ.மீ. வேண்டும், 30 அங்குலக் கருவியில் 11.5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே போதும். விரல் மூட்டுகளில் வாதம் உள்ளவருக்கு அந்த ஒன்றரை செ.மீ. பெரிய தொலைவு. ஏற்கெனவே நீண்ட கருவியை வாங்கிவிட்டீர்களா? ஐந்தாம் கட்டையிலிருந்து தொடங்குங்கள். அங்கே அதே விரிப்புக்கு 10 செ.மீ.தான் தேவைப்படும்.

கடைக்குச் செல்லும்போது எடை பார்க்கும் சிறு தராசைக் கொண்டு செல்வதில் வெட்கம் வேண்டாம். மூன்றரை கிலோவுக்கு மேற்பட்டதைக் கழுத்துவலி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. அமர்ந்து மடியில் வைத்து, இடக்கையை விட்டுப் பாருங்கள். தலைப்பகுதி கீழே சாய்ந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் அந்த எடையை உங்கள் இடக்கை தாங்கப்போகிறது என்று பொருள். ஐந்தாம் தந்தி இப்போதைக்கு வேண்டாம். வண்ணம் குறித்து நாங்கள் கருத்துச் சொல்வதில்லை. ஆனால் பிடித்த நிறத்தில் இருந்தால்தான் கையில் எடுக்கத் தோன்றும் என்று எங்கள் இயன்முறை சிகிச்சையாளர் உறுதியாகச் சொல்கிறார்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் செலவு, கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தந்தி உயரத்தைச் சரிசெய்வது. பன்னிரண்டாம் கட்டையில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் மென்மையாக வாசிக்கலாம். நம் நண்பரின் கருவியில் அது நான்கு மில்லிமீட்டர். மெல்லிய தந்திகளை இடச் சொல்வதும் உதவும். மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்திகள் விரல்நுனியைக் குறைவாகவே உராய்கின்றன. நீரிழிவால் விரல் உணர்ச்சி குன்றியவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் அவற்றையே நாடலாம். உணர்ச்சி குன்றியவருக்குக் கொப்புளம் வந்தது வலியால் தெரியாது; வாசித்து முடித்ததும் விரல்நுனிகளைக் கண்ணால் பார்ப்பது கட்டாயம்.

இதய நோயாளிகளுக்குத் தனியே ஒரு சொல். வலக்கைப் பழக்கமுள்ளவர் அணியும் தோள்பட்டை இடத்தோளின் மேல் செல்கிறது. பேஸ்மேக்கரும் பெரும்பாலும் அங்கேதான் பொருத்தப்படுகிறது. ஆகவே பட்டையின்றி அமர்ந்து வாசியுங்கள். கருவியின் பிக்கப்பில் காந்தம் இருப்பதால் அதற்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். மார்பெலும்பைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், எடை தூக்க மருத்துவர் அனுமதி தரும் வரை கருவியைத் தாமே தூக்க வேண்டாம். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள் அந்த முன்கையைக் கருவியின் விளிம்பில் அழுத்தி வைக்கலாகாது. சிஸ்பிளாட்டின் போன்ற, செவியைப் பாதிக்கக்கூடிய மருந்து பெறுபவர்கள் ஒலியைக் குறைத்தே வைக்க வேண்டும். ஹெட்ஃபோனில் இது இன்னும் முக்கியம்.

இனி வாசிப்பு. விரலைக் கட்டையின் மேல் வைக்காமல் அதை ஒட்டிப் பின்னால் வையுங்கள். குறைந்த அழுத்தத்தில் தெளிவான சுரம் வரும். கட்டைவிரலைக் கழுத்தின் பின்னிருந்து எடுத்துவிட்டு ஒரு சுரம் வாசித்துப் பாருங்கள். அப்போதும் ஒலித்தால், இதுவரை தேவைக்கு மேல் இறுக்கியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு, மீண்டும் பத்து நிமிடம் போதும். வலக்கையில் ஒரு விரல்தான் நன்றாக அசைகிறது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தந்தியை மீட்டியது சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே.

முதல் மாதத்தில் பயிற்சி நூல்களைவிடப் பழகிய பாடல்களே துணை. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல் ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்டு, குரலை விட்டுவிட்டு அடியில் நடக்கும் பேஸை மட்டும் பின்தொடருங்கள். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த ஆழ்ந்த சுரங்கள் சரியாகக் கேட்பதில்லை. நாற்பது ஆண்டுகள் கேட்ட பாடலில் இப்படியொன்று இருந்ததா என்று சிலர் வியப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியிலும் ஒரே ஒரு சுரத்தை வாசித்துப் பாருங்கள். நோயாளி பாட, பராமரிப்பவர் அந்த ஒரு சுரத்தை வாசிக்கலாம், மறுநாள் மாறிக்கொள்ளலாம்.

விரல்நுனியின் எரிச்சல் இரண்டு மூன்று வாரங்களில் தணியும். மரத்துப்போதல், இரவில் விழிக்கச் செய்யும் வலி, கட்டைவிரலின் அடிச்சதை மெலிதல், பொருள்கள் கைநழுவுதல் ஆகியவற்றைப் பழக்கமின்மை என்று பொறுத்திருக்கக் கூடாது. வாசிப்பை நிறுத்தி உடனே வாருங்கள்.

நம் நண்பர் ஐந்து தந்திக் கருவியை விற்றுவிட்டுக் குட்டை பேஸ் ஒன்று வாங்கினார். நாள்தோறும் நாற்பது நிமிடம், இடையிடையே ஓய்வுடன், தலை சற்று மேல்நோக்கியிருக்க, மணிக்கட்டு நேராக வாசிக்கிறார். ஆறு மாதமாக மரத்துப்போதல் திரும்பவில்லை. வீட்டில் இப்போது சத்தம் அதிகம் என்று துணைவியார் குறைப்பட்டுக்கொள்கிறார். வலியோடு வரும் வாசகர்கள், உறையிலிட்டுக் கருவியையும் உடன் எடுத்து வாருங்கள். வரவேற்பில் இருப்பவர்கள் இப்போது வியப்பதில்லை.