பேச்சாளரை அழைக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ராஜபாளையம், செட்டியார்பட்டி, தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மில்களிலும் தையல் யூனிட்டுகளிலும் புதிதாக ஹெச்.ஆர். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஆண்டு விழாவுக்கு ஏ.ஐ. பற்றிப் பேச ஒருவரைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார் முதலாளி. எவ்வளவு கேட்பார்கள், எவ்வளவு கொடுக்கலாம்? தொகை ஆளுக்கு ஆள் மாறும். அது எதற்கான காசு என்று புரிந்துகொண்டால், எந்தத் தொகையையும் எடைபோட உங்களுக்கே தெரிந்துவிடும்.

1. ஆளைத் தேடும் முன், கூட்டம் முடிந்த மறுநாள் யாருடைய வேலையில் என்ன மாற வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நைட்டி தைக்கும் யூனிட் என்றால் வாட்ஸ்அப் ஆர்டரைச் சிக்கலில்லாமல் கையாளுவதா, ஆன்லைனில் நேரடியாக விற்பதா? சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்பவர் என்றால் பழுது பார்க்கும் முறையா, ஏற்றுமதிக்குக் கேட்கும் தரச் சான்றா? ‘ஏ.ஐ. பற்றிப் பொதுவாக ஏதாவது’ என்று கேட்டால் வருகிறவரும் பொதுவாகத்தான் பேசிவிட்டுப் போவார். அதற்கு ஐயாயிரம் கொடுத்தாலும் நட்டம்.

2. பேச்சாளர் கட்டணத்தை மட்டும் செலவாக எழுதாதீர்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய் கூலி வாங்கும் 200 பேரை இரண்டு மணி நேரம் மண்டபத்தில் உட்கார வைத்தால், அந்த நேரத்தின் கூலியே 25,000 ரூபாய். நின்றுபோன மெஷின்களின் கணக்கு தனி. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் சொந்த வருமானத்தில் விழும் வெட்டு. மேடையில் இருப்பவருக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களிடம் இரண்டு மணி நேரக் கூலியைப் பிடுங்குவது அநியாயம். அவர்களுடைய சராசரிக் கூலியைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால் அந்தக் கூட்டமே வேண்டாம்.

3. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவா என்று வாயைப் பிளக்க வேண்டாம். சென்னையிலிருந்து வருகிறவருக்குப் போக வர இரண்டு நாள் போய்விடும். அதற்கு முன் தயாரிப்பு என்று ஒன்று இருக்கிறது. உண்மையில் நாம் விலை கொடுத்து வாங்குவது அந்தத் தயாரிப்பைத்தான். பெயருக்கு விலை கொடுத்தால் போட்டோ கிடைக்கும். தயாரிப்புக்குக் கொடுத்தால் தொழிற்கூடத்தில் ஏதாவது மாறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் போன் பேச்சில் அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். என்ன தைக்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், கேட்பவர்கள் எந்த வயது, செல்போனில் எதையெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரிப்பவர் தயாராகி வருவார். தேதியையும் தொகையையும் மட்டும் கேட்பவர் போன மாதம் வேறெங்கோ ஓட்டிய ஸ்லைடுகளையே இங்கும் ஓட்டுவார். அவர் கட்டணம் பாதியாக இருந்தாலும் வேண்டாம். தயாரிப்புக்குத் தனியாக ஒரு தொகை கேட்கிறாரா? சந்தோஷமாகக் கொடுங்கள். காலையில் வந்து தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். ஒத்துக்கொள்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

4. தமிழில் பேசுவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

5. பயணம். மதுரை விமான நிலையத்திலிருந்து ராஜபாளையம் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விமானம், கார், ஓட்டல் என்று சேர்ந்தால் சில பேச்சாளர்களுக்கு அதுவே கட்டணத்தில் பாதி ஆகிவிடும். சென்னையில் இரவு பொதிகை ரயில் ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம். அப்படி வந்து மறுபடி அன்றிரவே திரும்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை கிடைக்காது. காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்லுங்கள். வழியனுப்பும்போது பால்கோவா கொடுப்பது நம் ஊர் மரியாதை, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பொன்னாடைக்கும் ஆளுயர மாலைக்கும் ஆகும் காசை மைக் செட்டில் போடுங்கள். கடைசி வரிசைக்குக் கேட்காத பேச்சுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வீண்தான்.

6. வரி. பேசி முடித்த தொகையும் செக்கில் எழுதும் தொகையும் ஒன்றாக இருக்காது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள பேச்சாளர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்தவர் என்றால் 18 விழுக்காடு சேரும். 60,000 ரூபாய் என்று பேசினால் ஜிஎஸ்டி 10,800, பில் 70,800. தொழில்முறைக் கட்டணம் ஒரே ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்க வேண்டும் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). ஆக, 6,000 பிடித்துக்கொண்டு 64,800 கொடுப்பீர்கள். ‘கைக்கு வருவதா, பில் தொகையா’ என்று பேசும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விழா மேடைக்குப் பின்னால் நடக்கும் மனத்தாங்கல்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை. பான் எண் தரவில்லை என்றால் 20 விழுக்காடு பிடிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் ஜூமில் பேசினால் செலவு குறைவு என்று நினைக்கிறார்கள். அவருக்கான ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே கட்ட வேண்டும், டிடிஎஸ் விதியும் வேறு. ஆடிட்டரைப் பார்க்காமல் அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

7. இலவசமாக வருகிறேன் என்பவர்களில் இரண்டு வகை. சாப்ட்வேர் விற்கும் கம்பெனிக்காரர் ஒரு வகை. அவர் வரட்டும், விற்பதில் தவறில்லை. ஆனால் அவருக்கு வாசலில் ஸ்டால் கொடுங்கள், மேடையைக் கொடுக்காதீர்கள். மற்றொரு வகை கடமையாக வருகிறவர்கள். ஆன்லைன் மோசடி பற்றிப் பேச மாவட்ட சைபர் கிரைம் போலீசாரைக் கேளுங்கள். ஜி-பேயில் காசை இழந்த பெண்கள் நம் யூனிட்டுகளிலேயே இருக்கிறார்கள். 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது, வெளியூர்ப் பிரபலம் பேசும் எதிர்கால உலகத்தைவிட அவசரமான செய்தி.

8. ‘எங்கள் மேடையில் பேசினால் உங்களுக்கு விளம்பரம்’ என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். டெட் மேடையில் பேசுபவர்களுக்குக் கட்டணம் தருவதில்லை என்பது உண்மை. அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் போகிறது. நம் மண்டபத்துப் பேச்சு கேட் வரைதான் போகும்.

9. பக்கத்தில் தேடுங்கள். இதைத்தான் இன்னும் நிறையப் பேர் செய்யாமல் இருக்கிறார்கள். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய ஊர் இது. அவர் தொடங்கிய குழுமத்திலிருந்தே 1990களில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்வி நிறுவனம் 1984இலிருந்து பொறியாளர்களை உருவாக்குகிறது. ராஜபாளையத்திலேயே 2013இலிருந்து ராம்கோ பொறியியல் கல்லூரி இருக்கிறது. தெற்கே தென்காசியில் ஜோஹோ 2011இலேயே அலுவலகம் திறந்துவிட்டது. மருத்துவத் துணி பற்றிப் பேச வேண்டுமா, கோயம்புத்தூரில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி அமைப்பில் அதற்கென்றே தனி மையம் இருக்கிறது. இங்கே படித்து, இங்கேயே வேலை செய்யும் ஒரு பெண் பொறியாளர் நம் தறியையும் தையலையும் பார்த்தே வளர்ந்திருப்பார். அவருக்குத் தயாரிப்பு பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஆனால் உள்ளூர்க்காரர் என்பதற்காகச் சால்வையும் பேனாவும் கொடுத்து அனுப்பாதீர்கள். வெளியூர்க்காரருக்கு லட்சம், நம் ஊர்ப் பிள்ளைக்கு நன்றி என்ற வழக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எடுக்கும் விடுப்புக்கும் கண்விழித்துத் தயாரித்த இரவுகளுக்கும் விலை உண்டு. தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள்; கேட்க அவர் கூச்சப்படுவார்.

10. பெரிய ஆள்தான் வேண்டும் என்றால் கூட்டுச் சேருங்கள். காலையில் மில், மதியம் கல்லூரி, மாலையில் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒரே வருகையில் மூன்று கூட்டம் வைத்தால் பயணச் செலவு மூன்றாகப் பிரியும். ஒரே நாளில் மூன்று மேடை ஏற அவர் உடம்பு இடம் கொடுக்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

11. ஏஜென்சி வழியாகப் போனால் கமிஷன் எவ்வளவு, பேச்சாளர் கைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வீடியோ எடுத்துப் பிறகு பயன்படுத்துவதற்குத் தனி அனுமதி, சில சமயம் தனிக் கட்டணம். கூட்டம் ரத்தானால் டிக்கெட் காசு யார் தலையில்? கோயில் பொங்கலுக்கு வில்லுப்பாட்டு பேசும்போது அச்சாரம், தேதி, நேரம் எல்லாம் எழுதி வாங்குகிற ஊர்தானே நாம். அதே ஒழுங்கு இதற்கும் போதும், ஒரு பக்கக் கடிதம்.

12. மீதிப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ‘அக்கவுண்ட்ஸில் சொல்லியிருக்கேன் சார், வந்துரும்’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக் கூடாது. காலாண்டு முடிந்ததும் டிடிஎஸ் சான்றிதழை அவர் கேட்கும் முன்பே அனுப்புங்கள். அதோடு, அவர் சொல்லிக்கொடுத்ததில் எதை யூனிட்டில் செய்து பார்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால், அடுத்த ஆண்டு பட்ஜெட் போடும்போது முதலாளியிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.