வயிற்றுப் புழுவும் வறட்டு இருமலும்

அம்பத்தூரிலிருந்து கிராம முகாமுக்குப் போன நான், ஈர மண்ணில் பத்து நாள் வெறுங்காலோடு வேலை செய்தேன். கால்விரலிடுக்கில் அரிப்பு, திரும்பியதும் வறட்டு இருமல். தொழிற்பேட்டைத் தூசுதான் என்றிருந்தேன். மருத்துவரோ, "செருப்புப் போட்டிருந்தியாப்பா?" என்று கேட்டார்!

கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. அது தோல்வழி நுழைவதை, கையில் சிந்திய புழுநீரால் 1898-ல் கெய்ரோவில் கண்டறிந்தார் ஆர்தர் லூஸ்.

இருமும் கட்டத்தில் மலத்தில் முட்டை இராது; இரத்தத்தில் ஈசினோபில் அணுக்களே கூடியிருக்கும். எனக்குச் சில வாரம் கழித்து, இரண்டாம் மலப் பரிசோதனையில்தான் முட்டை தெரிந்தது. அல்பெண்டசோல் மாத்திரையில் குணமானேன்.

ஆகவே, வெளியூர் போனால் செருப்பை மறவாதீர்! இருமல் வந்தால், போன ஊரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்!