இலையைத் திருப்பிப் பார்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் சித்தூர் வட்டம் உள்ளது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களைச் சுற்றித் தென்னந்தோப்புகள் அடர்ந்திருக்கும். கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பொள்ளாச்சி. இரு மாநிலங்களுக்கும் இடையே எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு. தென்னைக்கோ, அதன் ஓலையை நாடிவரும் பூச்சிக்கோ அக்கோடு தெரியாது.

2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னை மரங்கள் கறுக்கத் தொடங்கின. அடுப்புக்கு மேலே பரணில் கரி படிந்திருப்பதைப் போல, ஓலைகளின் மேற்புறம் முழுவதும் கருமை படர்ந்தது. தோப்பின் ஊடே வளர்ந்த வாழையிலும் கொய்யாவிலும் அதே கருமை. விரலால் தேய்த்தால் கரி விரலில் ஒட்டியது. மரத்தைக் கீழிருந்து பார்த்த எவரும், “ஓலைக்கு நோய் வந்துவிட்டது” என்றே சொல்லியிருப்பர்.

ஆனால், கருமை படிந்த ஓலைக்கு நோய் இல்லை. காரணம் அதற்கு மேலே இருந்த வேறோர் ஓலையின் அடிப்புறத்தில் இருந்தது. அவ்வோலையைத் திருப்பிப் பார்த்தபோது, வெண்ணிற மெழுகுப் பொடியால் வரைந்த சுருள் கோலங்கள் காணப்பட்டன. ஒவ்வொரு சுருளிலும் நுண்ணிய முட்டைகள் இருந்தன. அவற்றை இட்டது சுருள் வெள்ளை ஈ என்னும் பூச்சி. நடு அமெரிக்கப் பகுதியைச் சார்ந்த இப்பூச்சி இந்தியாவில் கண்டறியப்பட்டது அவ்வாண்டில்தான்.

வெள்ளை ஈ ஓலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சிய சாற்றில் தனக்கு வேண்டாத சர்க்கரைநீரைத் துளித்துளியாகக் கழிக்கும். அத்தேன்துளிகள் கீழே உள்ள ஓலைகளின் மேற்புறத்தில் விழுந்து பிசுபிசுக்கும். காற்றில் மிதந்துவரும் பூஞ்சை விதைகள் அந்த இனிப்பின்மீது முளைத்துக் கருமையாகப் படரும். இதற்குக் கரும்பூசணம் என்று பெயர். கரும்பூசணம் தென்னையைத் தின்பதில்லை. தேன்துளியைத் தின்றே வாழ்கிறது. எனினும், ஓலையின்மீது திரைபோல் மூடி ஒளியைத் தடுப்பதால் மரம் உணவு தயாரிப்பது குறைகிறது.

இங்கே ஒரு பிழை எளிதில் நேரும். கருமையைக் கண்டவுடன் பூஞ்சைக்கொல்லி தெளித்தால், தேன்துளி விழுவது நிற்காது. பூசணம் மீண்டும் வரும். சரி, பூச்சியைக் கொல்லும் கடுமையான நஞ்சைத் தெளித்தால்? இப்பிழை முன்னதைவிடப் பெரிது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் மிகச்சிறு குளவி ஒன்று உண்டு. என்கார்சியா என்பது அதன் பெயர். குளவியின் புழு, வெள்ளை ஈயை உள்ளிருந்தே உண்டு வளரும். நஞ்சு தெளித்தால் முதலில் மடிவது இந்தக் குளவிதான். காவலனைக் கொன்றுவிட்டுக் கள்வனைத் தேடுவது போன்ற செயல் அது.

கைக்கண்ணாடி ஒன்று கிடைத்தால் நீங்களே இதனை ஆராயலாம். வெள்ளை ஈயின் குஞ்சுக்கூட்டில் வட்டமான சிறு துளை இருந்தால், அதன் வழியே வெளிவந்தது குளவி. அவ்வாறான கூடுகள் பல தென்பட்டால் அத்தோப்பில் நஞ்சுக்கு வேலையில்லை. ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைப்பதும் எளியவையே: தண்ணீரை விசையாகப் பீய்ச்சுதல், பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிடுதல், மாவுக்கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தெளித்தல். கஞ்சி வெயிலில் காய்ந்து உரியும்போது பூசணமும் உடன் உரிந்து விழும். கரும்பூசணத்தை மேய்ந்து தூய்மை செய்யும் சிறு வண்டு ஒன்றையும் தென்னையில் கண்டுள்ளனர். அதன் அறிவியற்பெயரில் நீலகிரியின் பெயர் இடம்பெற்றுள்ளது.

கத்தரித்த ஓலையும் கசியும் மரமும்

ஒரு தாளை விசிறிபோல் மடித்து, மடிப்பின் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிப் பின் விரித்துப் பாருங்கள். ஒரே வெட்டு, பல இடங்களில் ஒழுங்கான முக்கோணங்களாகத் தோன்றும். காண்டாமிருக வண்டு தென்னையில் செய்வதும் இதுவே. விரியாத குருத்தை அது குடைந்து தின்னும். பின்னர் அக்குருத்து விரியும்போது, யாரோ அளவெடுத்துக் கத்தரித்ததுபோல் ஓலை காட்சியளிக்கும். ஆகவே, இன்று நாம் காணும் வெட்டு இன்று நிகழ்ந்ததன்று. குருத்து உள்ளே சுருண்டிருந்த காலத்தில் நிகழ்ந்தது. குருத்தின் அடியில் துளையும், மென்று தள்ளிய நாரும் இருந்தால் மட்டுமே வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

இந்த வண்டை மலையாளத்தில் கொம்பன் செல்லி என்பர். ஏடுகள் ‘செல்லரித்தன’ என்று தமிழில் கூறுகிறோம் அல்லவா? அந்தச் ‘செல்’ உங்கள் நினைவுக்கு வரலாம். தோப்புகளில் வண்டைக் குத்தி எடுக்கும் கொக்கிக் கம்பிக்குச் செல்லிக்கோல் என்று பெயர். வண்டு தின்பது மரத்தின் உச்சியில். ஆனால் அதன் புழு வளர்வது தரையில், எருக்குழியிலும் மட்கிய மரக்கட்டையிலும். எனவே, மரத்தைக் காக்க எண்ணுவோர் எருக்குழியைக் கிளறிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது, மரத்திலிருந்து வடியும் செம்பழுப்பு நீர். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாந்தோர் பலர். முதலாவது, சிவப்புக் கூன்வண்டு. மலையாளத்தில் செம்பன் செல்லி. தண்டில் எங்கேனும் காயம் இருந்தால் அதன் மணத்தை நாடிவந்து கூன்வண்டு முட்டையிடும். புழுக்கள் தண்டின் உட்பகுதியைத் தின்று கூடாக்கும். துளைகளின் வழியே சாறு வடியும். நார்த்துகள் வெளியே தள்ளப்படும். மரத்தில் காதை வைத்துக் கேட்டால், உள்ளே புழுக்கள் மெல்லும் ‘கறகற’ ஓசை கேட்கும். தோப்பில் முதியவர் ஒருவர் தண்டை அணைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு நகைக்க வேண்டா. அவர் மரத்தின் நோயைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, சாறு வடிதல் என்னும் பூஞ்சை நோய். இதில் துளை இராது, நார்த்துகள் இராது, ஓசையும் கேளாது. தண்டின் வெடிப்புகளிலிருந்து செந்நீர் கசிந்து, காய்ந்தபின் கறுத்துவிடும். இதன் மலையாளப் பெயர் சென்னீரொலிப்பு. அம்மொழியில் ‘ஒலிப்பு’ என்றால் வழிந்தோடுதல்; தமிழில் ‘ஒலித்தல்’ ஓசை எழுப்புதல். வேடிக்கை என்னவெனில், செந்நீர் ஒலிக்கும் இந்த நோயில்தான் மரம் ஓசையின்றி இருக்கிறது!

மழைக்காலத்தில் வேறோர் இடர் வரும். நடுக்குருத்து மட்டும் வெளிறிப் பழுத்து வாடும். சுற்றியுள்ள ஓலைகள் பசுமையாகவே நிற்கும். குருத்தை மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிப்பகுதி அழுகி நாற்றம் வீசும். இதுவே குருத்தழுகல் நோய். மலையாளிகள் கூம்புசீயல் என்பர். பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் இதற்குக் காரணம். தென்னைக்குக் குருத்து ஒன்றே. பனைக் குடும்பத்து மரங்கள் பக்கக்கிளை விட்டுப் பிழைப்பதில்லை. குருத்தின் அடி முற்றும் அழுகிவிட்டால் மரமே இறந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டுவிட்டால், அழுகிய பகுதியைச் செதுக்கி நீக்கி, போர்டோ பசையைத் தடவி, மழைநீர் புகாதவாறு மூடிவைப்பர். புதுக் குருத்து எழும்வரை அம்மூடியை அகற்றுவதில்லை.

போர்டோ என்பது பிரான்சு நாட்டின் ஒரு நகரம். அங்குத் திராட்சைத் தோட்டங்கள் மிகுதி. வழிப்போக்கர்கள் சாலையோரப் பழங்களைப் பறித்துத் தின்றதால், அவர்களை அச்சுறுத்துவதற்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரக் கொடிகளில் பூசிவைத்தனர். அக்காலத்தில் பூஞ்சை நோய் ஒன்று தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. திருடர்க்காகப் பூசிய கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை மில்லார்தே என்னும் அறிஞர் 1882இல் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். அந்தக் கலவையே இன்றும் நம் ஊர்த் தோப்புகளில் பயன்படுகிறது. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்தெடுத்தால் செம்புநிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இக்கலவையைச் செய்வது பெரியோர் வேலை. நீங்கள் கத்தியின் நிறத்தை மட்டும் தள்ளி நின்று காணுங்கள்.

மலைமேல்

பாலக்காட்டின் சமவெளியை விட்டு இடுக்கி மலைக்கு ஏறுவோம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களில் தேயிலையும் ஏலமும் மிளகும் விளைகின்றன. மூணாற்றில் இடுப்பளவு நிற்கும் தேயிலைச் செடி, உண்மையில் ஒரு மரம். கவாத்து செய்து செய்து நாம்தாம் அதனைக் குட்டையாக வைத்திருக்கிறோம்.

மூடுபனியும் சாரலும் உள்ள நாள்களில் தேயிலையின் தளிரில் கொப்புள நோய் தோன்றும். இலையின் மேற்புறத்தில் வட்டமான சிறு பள்ளம். திருப்பினால் அதே இடத்தில் வெண்பட்டு போன்ற கொப்புளம். 1946இல் இந்நோய் தென்னிந்தியாவை எட்டியது. முற்றிய இலையை இப்பூஞ்சை தீண்டுவதில்லை, கொழுந்தையே தாக்கும். நாம் பறிப்பதும் கொழுந்தையே. பறிக்கும் கைக்கும் பூஞ்சைக்கும் இடையே நடப்பது ஒரே இலைக்கான போட்டி. கொழுந்து எடையில் குறைந்தால், அதனைப் பறிப்போரின் கூலிக் கணக்கிலும் அது தெரியும்.

வெயில் காலத்தில் தேயிலை செம்பழுப்பாக மாறினால், அது பூஞ்சையன்று. எட்டுக் கால் கொண்ட செஞ்சிலந்திப் பேன் சாறு உறிஞ்சியதன் விளைவு. இதனைக் காண இலையைத் திருப்ப வேண்டியதில்லை. முற்றிய இலையின் மேற்புறத்திலேயே அது மேயும். இப்பாடத்தின் தலைப்புக்கு விதிவிலக்கு ஒன்று கிடைத்துவிட்டது!

மிளகுக்கொடி ஏறும் முள்முருங்கை மரத்தைப் பாருங்கள். மலையாளத்தில் இது முருக்கு. பழந்தமிழிலும் முருக்கு என்ற பெயர் வழங்கியது. இதன் இலைகளும் காம்புகளும் வீங்கி முறுக்கிக்கொள்வதைக் கண்டு, வேரில் நோய் என்றோ மண்ணில் குறை என்றோ எண்ணத் தோன்றும். வீக்கத்தைக் கீறிப் பார்த்தால், அறை அறையாகச் சிறு புழுக்கள் தென்படும். முருக்கைத் தாக்கும் இந்த நுண்குளவி கேரளத்தில் இருப்பது 2006இல் வெளியிடப்பட்டது. பற்றுமரம் பட்டுப்போனால் மிளகுக்கொடி எதனைப் பற்றும்? தென்னையில் குளவி நமக்கு நண்பன். முருக்கில் குளவியே பகை. குளவி என்ற பெயரை மட்டும் கேட்டு முடிவுசெய்ய இயலாது.

ஏலத்தோட்டங்களில் மழைக்காலத்தில் காய்கள் அழுகி உதிரும் நோய் ஒன்று உண்டு. உலகின் ஆராய்ச்சியாளர்கள் தம் கட்டுரைகளில் அதனை ‘அழுகல்’ என்றே குறிப்பிடுகின்றனர். தோட்டத்தில் முதலில் அதனைக் கண்டவர்கள் வழங்கிய சொல், அப்படியே அறிவியற்சொல்லாகிவிட்டது. நோயை முதலில் காண்பவர் தோட்டத்தில் நிற்பவரே என்பதற்கு இப்பெயரே சான்று.

காண்பது பிந்தினால் என்ன ஆகும்? இலங்கையின் மலைநாட்டில் ஒரு காலத்தில் காப்பியே விளைந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் அத்தோட்டங்களில் உழைத்தனர். 1869இல் காப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. அது துரு நோய். பெரும்பாலோர் அதனைச் சிறு குறையென்று விட்டுவிட்டனர். மார்சல் வார்டு என்னும் அறிஞர் 1880இல் அங்கு வந்து, காற்றில் பரவும் பூஞ்சை விதைகளே காரணம் என நிறுவினார். அதற்குள் நோய் தீவின் தோட்டங்களெங்கும் பரவிவிட்டது. காப்பி அழிந்த நிலத்தில் தேயிலை நடப்பட்டது. இலங்கைத் தேயிலை என்று உலகம் இன்று அருந்துவது, ஓர் இலையின் அடிப்புறத்துப் பொடியிலிருந்து தொடங்கிய மாற்றமே.

சொற்பொருள்

குருத்து – விரியாத இளம் ஓலை
மயில்துத்தம் – செம்பு கலந்த நீலநிற உப்பு
கவாத்து – கிளைகளை அளவாக வெட்டுதல்
பற்றுமரம் – கொடி ஏறுவதற்குத் துணைநிற்கும் மரம்
பூசணம் – பூஞ்சை

பயிற்சி

1. தென்னையிலிருந்து செம்பழுப்பு நீர் வடிகிறது. காரணம் வண்டா, பூஞ்சையா என்பதை எவ்வாறு அறிவீர்? ஐந்து வரிகளில் எழுதுக.

2. கரும்பூசணம் படிந்த ஓலையின்மீது கடுமையான நஞ்சைத் தெளிக்கலாமா? உம் விடைக்குரிய காரணத்தை உம் வீட்டாரிடம் விளக்கிச் சொல்வதுபோல் எழுதுக.

3. பள்ளிக்கோ வீட்டிற்கோ அருகில் உள்ள ஒரு மரத்தின் பத்து இலைகளைத் திருப்பிப் பார்த்து, மேற்புறத்தில் கண்டதையும் அடிப்புறத்தில் கண்டதையும் தனித்தனியே குறித்து வருக. நோயின் பெயரை ஊகித்து எழுத வேண்டா. கண்டதை மட்டும் எழுதுக.

4. இப்பாடத்தில் வரும் மலையாளப் பெயர்களைத் தொகுத்து, அவற்றிற்கு இணையான தமிழ்ப் பெயர்களை எழுதுக. உங்கள் பகுதியில் வேறு பெயர் வழங்கினால் பெரியோரிடம் கேட்டு அதனையும் சேர்க்க.

5. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் படித்து, நோயின் காரணத்தை ஆராயச் சொல்லும் குறளைக் கண்டெழுதுக.