ஜெல்லி எந்த வெப்பநிலையில் உருகும்?

ஒரு தட்டில் இரண்டு ஜெல்லித் துண்டுகள் இருக்கின்றன. இரண்டும் சிவப்பு, இரண்டும் இனிப்பு, தட்டை அசைத்தால் இரண்டும் ஆடுகின்றன. ஒன்று மாட்டின் எலும்பிலிருந்து வந்தது. மற்றொன்று கடலில் விளையும் பாசியிலிருந்து வந்தது. எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஒரு வெப்பமானியும் ஒரு பாத்திரம் வெந்நீரும் கிடைத்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதை வெறும் வேடிக்கை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் புலால் உண்ணாதவர்கள் ஏராளம். புலால் உண்பவர்களிலும் மாட்டிறைச்சியை விலக்குவோர் உண்டு. பன்றியிறைச்சியை விலக்குவோர் உண்டு. இறைச்சி என்று தெரிந்தால் விலக்கிவிடலாம். மிட்டாயின் உருவில் வந்தால் என்ன செய்வது?

முதலில் ஜெலட்டின் என்பது என்ன என்று பார்ப்போம். ஆட்டுக்கால் சூப்பை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் அது கட்டியாக உறைந்திருக்கும். அடுப்பில் வைத்ததும் மீண்டும் நீராகிவிடும். அந்தக் கட்டிதான் ஜெலட்டினின் வேலை. விலங்குகளின் தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றில் கொல்லாஜன் என்னும் புரதம் இருக்கிறது. அதன் மூலக்கூறு, மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, பிறகு வெந்நீரில் காய்ச்சினால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. அந்த இழைகளே ஜெலட்டின்.

கரைசல் குளிரும்போது இழைகள் மறுபடி முறுக்கிக்கொள்ள முயல்கின்றன. ஆனால் பழைய கயிறு திரும்பவும் அமைவதில்லை. இங்கொரு முடிச்சும் அங்கொரு முடிச்சுமாக விழுந்து, ஒரு வலை உண்டாகிறது. அந்த வலைக்குள் நீர் சிறைப்படுகிறது. இரண்டு மூன்று கிராம் ஜெலட்டின், நூறு கிராம் நீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது என்றால் வலையின் நேர்த்தியைப் பாருங்கள்!

இந்த முடிச்சுகளைப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். அவை வலுக்குறைந்தவை. 30 முதல் 35 டிகிரி சென்டிகிரேடுக்குள் மூலக்கூறுகளின் வெப்ப அசைவே அவற்றை அவிழ்க்கப் போதுமானது. நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. ஆகவே ஜெலட்டின் ஜெல்லி நாக்கில் பட்டதும் உருகுகிறது. தயாரிப்பாளர்கள் அதை விரும்புவதற்கு இதுவே முக்கியமான காரணம். சித்திரை வெயிலில் சென்னையில் அதை மேசைமேல் வைத்தால், நாக்கு வரை வருவதற்கு முன்பே உருகிவிடும் என்பது வேறு செய்தி.

இன்னொரு துண்டு அகார். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்றும், பல வீடுகளில் கடற்பாசி என்றும் சொல்வது இதைத்தான். சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து இது எடுக்கப்படுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையோரம், பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் பாசிகளில் இதற்கான வகைகளும் உண்டு. அகார் புரதம் அன்று. சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. இரண்டிரண்டு சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு, அப்படிப்பட்ட பல முறுக்குகள் ஒன்றாகச் சேர்ந்து தடித்த கற்றைகள் ஆகின்றன. கற்றையைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். அதனால் அகார் ஜெல்லி ஏறத்தாழ 85 டிகிரிவரை உருகாமல் நிற்கும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். உருகிய அகாரைக் குளிர்வித்தால் அது 85 டிகிரியில் உறைவதில்லை. ஏறக்குறைய 40 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் உறைகிறது. பனிக்கட்டி உருகுவதும் நீர் உறைவதும் ஒரே வெப்பநிலையில் என்று படித்த நமக்கு இது புதுமை. காந்தமேற்றிய இரும்பு, காந்தப்புலத்தை நீக்கிய பிறகும் காந்தத்தன்மையை உடனே விட்டுவிடுவதில்லை அல்லவா? அதைக் காந்தத் தயக்கம் என்கிறோம். இதுவும் ஒருவகைத் தயக்கமே. கற்றை ஒருமுறை கட்டிவிட்டால் பிரிய மறுக்கிறது. பிரிந்துவிட்டால் கட்ட மறுக்கிறது.

சமையலறையில் தெரிந்த இந்த வேறுபாடு மருத்துவ வரலாற்றையே மாற்றியிருக்கிறது. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களை ஜெலட்டின்மேல் வளர்த்தார்கள். நோய்க் கிருமிகள் நன்கு வளர உடல் வெப்பநிலை வேண்டும். அந்த வெப்பநிலையில் ஜெலட்டின் உருகிவிட்டது! போதாக்குறைக்கு, சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீராக்கின. அங்கு பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, 1881ஆம் ஆண்டு வாக்கில், தாம் பழப்பாகிலும் ஜெல்லியிலும் சேர்த்துவந்த அகாரைப் பயன்படுத்தச் சொன்னார். அவருக்கு அதை அறிமுகப்படுத்தியவர் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அறிமுகத்தார் ஒருவர். இன்றும் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் அகாரே இருக்கிறது. காசநோய்க் கிருமியைப் பற்றி 1882இல் கோக் எழுதிய கட்டுரையில் அகார் பற்றிய குறிப்பு உண்டு. யோசனை சொன்ன அம்மையாரின் பெயர் இல்லை.

ஜெலட்டின் மட்டுமா மறைந்திருக்கிறது? சில சிவப்பு மிட்டாய்களின் நிறமான கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து வருகிறது; பட்டியலில் அதன் எண் 120. மிட்டாய்க்குப் பளபளப்பூட்டும் 904, அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கு. சுவைகூட்டும் 631, மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ வரலாம். மாவுப்பொருளை நொதிக்கவைத்தும் செய்யலாம். எண்ணைப் பார்த்து மட்டும் எதுவென்று சொல்ல இயலாது. இக்காரணத்தால் 2021 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், உட்பொருள்களைக் குறியீட்டு எண்ணால் மட்டும் சொன்னால் போதாது, தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதையும் தெரிவிக்க வேண்டும், அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி என்று உத்தரவிட்டது. என் கருத்தில் இது மிகவும் நியாயமானது.

சைவ உணவுக்குச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். அசைவத்துக்கு முன்பு பழுப்புப் புள்ளி இருந்தது. 2020ஆம் ஆண்டு விதிகள் அதைப் பழுப்பு முக்கோணமாக்கின. நிறக்குருடு உள்ளவர்களும் வேறுபடுத்திப் பார்க்க இது உதவும். அதே விதிகளின்படி பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை அசைவத்தில் சேரா. ஆகவே அரக்குப் பூசிய மிட்டாய்க்கும் பச்சைப் புள்ளி கிடைக்கலாம். சட்டத்தின் வரையறை ஒன்று, உங்கள் வீட்டின் வரையறை வேறொன்றாக இருக்கக்கூடும், பட்டியலையும் படியுங்கள்.

இனி, சோதனை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் துணையுடன் செய்யுங்கள். ஜெல்லித் துண்டை நேராக வெந்நீரில் போடக்கூடாது. உருகுதல் வேறு, கரைதல் வேறு. துண்டை உலர்ந்த சோதனைக்குழாயில் இட்டு, வாயைத் தளர்வாகப் பஞ்சால் அடைத்து, குழாயை 40 டிகிரி வெந்நீரில் நிறுத்துங்கள். கால் மணி நேரத்தில் உருகி, பனிக்கட்டி நீரில் வைத்ததும் மீண்டும் உறைந்தால் அது ஜெலட்டினாக இருக்கலாம். சற்றும் அசையாமல் நின்றால் அகாரோ, பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினோ ஆகலாம். மெல்லும் மிட்டாயில் சர்க்கரை மிகுதி, நீர் குறைவு. அதன் உருகுநிலை சற்று உயரும். கராகீனன் என்னும் வேறொரு கடற்பாசிப் பொருள் இடைப்பட்ட வெப்பநிலைகளில் உருகி நம்மைக் குழப்பும்.

குழப்பம் தீர அன்னாசிப்பழம் இருக்கிறது. பச்சை அன்னாசிச் சாற்றில் புரதத்தை வெட்டும் நொதி உண்டு. உருக்கிய ஜெல்லி 45 டிகிரிக்கு ஆறியதும், இரண்டு குழாய்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் பச்சைச் சாற்றையும், மற்றொன்றில் கொதிக்கவைத்து ஆற்றிய சாற்றையும் சம அளவில் சேருங்கள். அரை மணி நேரம் கழித்துப் பனிக்கட்டி நீரில் வையுங்கள். பச்சைச் சாறு சேர்ந்தது மட்டும் உறையாமல் போனால் அதில் இருந்தது புரதம். கொதித்த சாறு எதற்கு என்பதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

எந்த விலங்கு என்பதை மட்டும் இச்சோதனை சொல்லாது. குளிர்கடல் மீனின் ஜெலட்டின், குளிர்ந்த நீருக்கேற்ற கொல்லாஜனிலிருந்து வருவதால், அறை வெப்பநிலையிலேயே உறையாமல் நிற்கும், அதைப் பிரித்தறியலாம். மாட்டையும் பன்றியையும் வெப்பமானியால் பிரிக்க இயலாது. அதற்குப் புரதத் துண்டுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியோ, டி.என்.ஏ. சோதனையோ வேண்டும்.