மென்னீரும் வன்னீரும்

திருநெல்வேலியில் ஒரே வீட்டில் இருவகை நீர் புழங்குதல் உண்டு. குழாயில் வருவது தாமிரபரணி நீர். கொல்லைக் கிணற்றில் ஊறுவது நிலத்தடி நீர். இரண்டும் பார்வைக்குத் தெளிந்தனவே. ஆயினும் துவரம்பருப்பை உலையிலிட்டால் வேறுபாடு புலனாகும். ஆற்று நீரில் பருப்பு விரைவிற் குழையும். கிணற்று நீர் பலவற்றில் எத்துணைப் பொழுது கொதித்தாலும் வேகாது நிற்கும். அந்நீரில் சவர்க்காரமும் எளிதில் நுரையாது.

இதற்குக் காரணம் யாது? மழைநீர் இயல்பில் மென்மையுடையது. பொருநை எனப் பண்டையோர் வழங்கிய இவ்வாறு பொதிகையிற் பிறந்து, எளிதிற் கரையாத வன்பாறைகளின்மேல் விரைந்திறங்குகின்றது; ஆதலின் அதன் மென்மை பெரிதும் குன்றுவதில்லை. நிலத்துட் புகும் நீரோ நெடுநாள் தங்கிக் கால்சிய, மக்னீசிய உப்புக்களைக் கரைத்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கல் உள்ள நிலமாயின் சொல்லவே வேண்டா. நகரையடுத்த தாழையூத்தில் அக்கல் மிக்கிருத்தலாலன்றோ 1949-இல் அங்குச் சிமெண்டு ஆலை எழுந்தது!

லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அளவு கூறும். கொதிக்க வைப்பின் கடினத்தின் ஒரு பகுதி வெண்படலமாய்ப் பாத்திரத்தில் படியும், எஞ்சியது நீங்காது.

மாணவர்காள், மென்மை வேறு, தூய்மை வேறு. வன்னீர் பெரும்பாலும் அடுக்களைக்குத்தான் தொல்லை. மென்னீரிற் சாக்கடை கலப்பின், சுவை மாறாமலேயே நோய் விளையும். பருப்பு வெந்துவிடும், கிருமியைப் பருப்புக் காட்டிக்கொடாது. நெல்லை நகரின் கழிவுநீர் பல இடங்களில் ஆற்றிற் கலந்து வருகின்றது. அதற்குக் கீழே, வல்லநாட்டில் எடுக்கும் இவ்வாற்று நீரையே தூத்துக்குடி மக்கள் பருகுகின்றனர்.